சித்திரப் பாடமும் டிராயிங் பீரியடும்

பரீட்சை உள்ள பாடத்துக்குத்தான் பாடசாலையில் ஓர் அறை கிடைக்கும். இலங்கையில் சித்திரத்துக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான். க.பொ.த. சாதாரண தரத்தில் அது ஒரு பாடம். சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியல் பாடங்களோடு வரிசையில் நிற்கிறது. ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளை இவற்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே நேரசூசியில் பாடவேளை உண்டு. அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடப்புத்தகம் உண்டு. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டி தயாரித்துத் தருகிறது. கல்வியியற் கல்லூரியில் இதற்கென்றே படித்துவிட்டு வரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு மனமிருந்தால் உயர்தரத்திலும் தொடரலாம். அதன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று பட்டம் வரை வழி திறந்திருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும்தான். ஓவியம் அதில் இல்லை. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் என்று பல பாடங்களுக்கும் சேர்த்து அந்தத் தொகை. வாரத்தில் மூன்று அரை நாட்கள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ தடவை சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. சித்தன்னவாசல் குன்றில் ஏறிக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்கியபடி சொன்னார்: "நம்ம பீரியடுங்கிறது பேருக்குத்தான் சார். கணக்கு சார் வந்து வாசல்ல நின்னாலே போதும், பசங்க டிராயிங் நோட்ட மூடிட்டு டெஸ்ட் நோட்ட எடுத்துருவாங்க."

"எங்கட பக்கம் ஒருத்தரும் வாசல்ல வந்து நிக்கிறேல்ல சேர்," என்றேன். "பாஸ்ட் பேப்பர்தான் வந்து நிக்கும்."

அவருக்கு அது உடனே விளங்கவில்லை. கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சாதாரண தரப் பரீட்சையில் தலைப்பைக் கொடுத்து ஒரு படம் வரையச் சொல்வார்கள். சந்தை, பஸ் தரிப்பிடம், அறுவடை, திருவிழா, இப்படி ஏதாவது. பிள்ளைகள் இதற்கும் ரியூசனுக்குப் போகிறார்கள். அங்கே பழக்குவது ஒரே ஒரு படத்தைத்தான். முன்னால் மூன்று பேர், அதில் ஒருத்தி குனிந்தபடி. நடுவில் சிறிதாக இருவர். பின்னால் ஒரு கட்டடம், ஒரு தென்னை, துண்டு வானம். சந்தை வந்தால் குனிந்தவளின் கையில் கூடை. பஸ் தரிப்பிடம் வந்தால் கூடை பயணப் பையாகும். அறுவடை வந்தால் கதிர்க்கட்டு, தேர்த்திருவிழா வந்தால் பின்னாலிருக்கும் கட்டடத்துக்கு மேலே கோபுரம். போஸ்டர் கலரைத் தட்டையாகப் பூசி, ஓரத்துக்குக் கரும்பழுப்பில் ஒரு கோடு. ஓர் அறை நிறைய விடைத்தாள்களை விரித்து வைத்துப் பாருங்கள், குனிந்து நிற்கும் அந்தப் பெண்ணை நூறு தடவை சந்திப்பீர்கள். இடுப்பு ஒடிந்துவிடும் அவளுக்கு. புள்ளி கிடைப்பது என்னவோ உண்மை. அந்தப் படத்தில் ஆள்களின் விகிதம் சரி, முன்-பின் தூரம் சரி, நிறம் வெளியே வழியவில்லை. எந்தச் சந்தையையும் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் குறை. அதைக் கழிக்க புள்ளித்திட்டத்தில் இடமில்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளையின் படத்துக்கும் ஓர் அச்சு உண்டு. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து அகன்று வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, வானத்தில் நான்கு பறவைகள். பரீட்சை இல்லாத இடத்தில் அந்த வேலையைப் போட்டி செய்கிறது. மரம் நடுவோம் என்றால் உலக உருண்டையை ஏந்தும் இரண்டு கைகள். தண்ணீரைச் சேமிப்போம் என்றால் அதே உருண்டை, கண்ணீரோடு. தலைவர்கள் பிறந்தநாள் வந்தால் படத்துக்கு மேல் கட்டம் போட்டு, சார்ட்டிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெருப்பித்து அப்துல் கலாமைக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்தக் கட்ட முறையை நான் கேலி செய்ய மாட்டேன். சென்னையிலும் மதுரையிலும் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஓர் ஆள் உயரக் கண்ணை வரைந்ததே அப்படித்தான். பள்ளி டிராயிங் மாஸ்டர்களில் பலர் சாயங்காலத்தில் கடைப் பலகை எழுதினார்கள், கல்யாண மேடைக்குப் பின்திரை வரைந்தார்கள். அச்சடித்த பிளெக்ஸ் வந்ததும் அந்த வருமானம் போயிற்று, கூடவே கைப்பழக்கமும் போயிற்று.

அங்கே இன்னொரு ஏணியும் இருக்கிறது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் லோயர், பிறகு ஹையர். ஸ்கேல் தொடாமல் ஒரு கூஜாவின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டும். இதை முடித்து ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றுத்தான் ஒருவர் ஓவிய ஆசிரியர் ஆகிறார். மகாராஷ்டிரத்திலும் எலிமென்டரி, இன்டர்மீடியட் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே ஓவியத் தேர்வுகள் உண்டு; தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் சேரும். இந்தியாவில் ஓவியக் கல்வி என்று ஒரே பெயரில் பேசுவது அபத்தம், மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நான் இங்கே ஒப்பிடுவது பெரும்பாலும் தமிழ்நாட்டோடு, கொஞ்சம் வங்காளத்தோடு.

எங்கள் முறையால் வந்த ஒரு நன்மையைச் சொல்லாமல் விட முடியாது. வவுனியாவில் சித்திரம் படித்த ஒரு பிள்ளைக்கு சீகிரியா தெரியும், பொலன்னறுவைத் திவங்க சிலைமனை தெரியும், களனி விகாரையை வரைந்தவர் சோலியஸ் மெண்டிஸ் என்று தெரியும், ஜோர்ஜ் கீட் தெரியும், அஜந்தாவும் தெரியும். சென்னையில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் கே.சி.எஸ். பணிக்கர் யார், தனபால் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரு ஒன்றின் பெயரோ என்று யோசிக்கும். அந்தப் பிள்ளை மேல் பிழையில்லை, அந்த இரு கலைஞர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பட்டியலிலும் ஓட்டை உண்டு. விகாரைச் சுவரோவியத்துக்குக் கிடைக்கும் பக்கங்கள் வடக்கு, கிழக்கு ஓவியர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துச் சித்திர ஆசிரியர்களின் பழைய மனக்குறை. மாற்கு பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமென்றால் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மாற்கு என்று நாங்கள் சொல்லும் அ. மாற்கு குருநகரில் பிறந்தவர், கொழும்பில் நுண்கலை படித்தவர், வாழ்நாள் முழுக்கச் சித்திரம் கற்பித்தவர். யாழ்ப்பாணத்தில் விடுமுறைகால ஓவியர் கழகம் நடத்தி, பாடசாலைக்கு வெளியேயும் வகுப்பெடுத்தார். 1987இல் அவரைக் கௌரவித்து வந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு ஈழத்து ஓவியம் பற்றிப் பேசுவோருக்கு இன்றைக்கும் கைநூல். 1995 இடப்பெயர்வில் அவருடைய படங்கள் பல அழிந்தன. அவருக்கு முந்திய தலைமுறையில் எஸ்.ஆர். கனகசபை. சித்திர ஆசிரியர், '43 குழு' என்ற ஓவியர் அமைப்பில் இருந்த தமிழர். 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்ஸர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கியவர். அந்தப் பெயர் இலங்கையில் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்த சார்ள்ஸ் ஃப்ரீகுரோவ் வின்ஸருடையது. பரிசோதகரே ஓவியராக இருந்த காலம் அது. இன்றைக்கு மேற்பார்வைக்கு வருகிறவர் பாடக்குறிப்புக் கொப்பியைத் திருப்பிப் பார்ப்பார்; ஆசிரியர் கடைசியாக எப்போது தூரிகை தொட்டார் என்று கேட்க மாட்டார்.

நான் சொல்ல வந்ததே இதுதான். பரீட்சை இருக்கிறதா இல்லையா என்பது பாடத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது, சம்பளத்தையும் தீர்மானிக்கிறது. பிள்ளையின் கையில் வருவதைத் தீர்மானிப்பது ஆசிரியர் தானும் வரைகிறாரா என்பது. இரண்டு கரையிலும் என் கண்ணுக்குப் பட்ட நல்ல மாணவர் படங்களுக்குப் பின்னால் தன் வேலையைத் தொடரும் ஓர் ஆசிரியர் இருந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்து வரைவதில்லை. அவர் ஒரு கோட்டைப் போட்டு, பிடிக்காமல் பக்கத்தில் இன்னொன்று போடுவதைப் பார்க்கிறார்கள். அது போதும் அவர்களுக்கு.

சில நேரம் மாணவரிடமிருந்து ஆசிரியருக்கும் வரும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கர் 1963 அளவில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற தொடரைத் தொடங்கினார். எண்களும் எழுத்துகளும் கோடுகளும் நெருக்கியடித்து நிற்கும் படங்கள் அவை. அதற்குத் தூண்டுதல் ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் கண்ட பக்கம் என்பார்கள். 1966இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே காணியில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். படித்து முடித்தவன் ஓவியத்தை வைத்துப் பிழைக்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் எதிரே இருந்த கேள்வி. பாத்திக் துணி செய்து விற்றுக் காசு சேர்த்தார்கள். ஆசிரியரும் மாணவரும் பக்கத்து வீட்டுக்காரர்களான கதை எங்கள் நாட்டில் எனக்குத் தெரிந்து நடக்கவில்லை.

பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையின் ஓவியக் கல்விக்குள் இந்தியா பயணப் பையில்தான் வந்தது. களனியை வரையத் தொடங்குமுன் சோலியஸ் மெண்டிஸை அஜந்தாவும் மற்ற இடங்களும் பார்த்து வர அனுப்பினார்கள். எல்.டி.பி. மஞ்சுஸ்ரீ பிக்குவாக இருந்த காலத்தில் 1932இல் சாந்திநிகேதனுக்குப் போனார். போன காரணம் சீன மொழி படிக்க. அங்கே கலா பவன் என்ற ஓவியப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தவர் நந்தலால் போஸ். அந்த நந்தலால் இளைஞனாக இருந்தபோது லேடி ஹெரிங்ஹாமோடு அஜந்தாவுக்குப் போய் குகைக்குள் அமர்ந்து சுவரைப் பார்த்துப் படியெடுத்தவர். மஞ்சுஸ்ரீ ஊர் திரும்பிய பிறகு என்ன செய்தார்? விகாரை விகாரையாக ஏறி, அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் படியெடுத்தார். எத்தனையோ வருட வேலை. 1977இல் அது புத்தகமாயிற்று, 1979இல் மக்சேசே விருது கிடைத்தது. சுவரில் அழிந்துபோய் அவருடைய தாளில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஓவியங்கள் உண்டு. அஜந்தாவில் தொடங்கிய ஒரு கைப்பழக்கம் வங்காளம் வழியாகக் கண்டிக்கும் மாத்தறைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஹெரிங்ஹாம், நந்தலால், மஞ்சுஸ்ரீ மூவரும் ஆசிரியர்-மாணவர் என்று நேர்கோட்டில் நின்றார்களா என்பதை விட, படியெடுப்பது ஒரு படிப்பு என்ற எண்ணம் பயணப்பட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் நாளில் அதே பாதையில் போனவர் தா. சனாதனன். டில்லியில் ஓவியம் படித்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக் கற்பிக்கிறார். 2011இல் வந்த அவருடைய 'முழுமையற்ற தோம்பு' போரில் வீட்டை இழந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்து கொடுத்த வீட்டுப் படங்களால் ஆனது. சித்திரம் படிக்காதவர்கள் போட்ட கோடுகள் அவை. கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கை நடுங்கி இழுத்தவை. என் உயர்தர வகுப்பில் முன்-பின் தூரத்தைப் பற்றிப் பேசுமுன் அந்தப் புத்தகத்தைத்தான் மேசையில் வைப்பேன்.

பாடசாலைப் பயணம் இவ்வளவு கம்பீரமானதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கல்விச் சுற்றுலா நடுச்சாமத்தில் வெளிக்கிடும். பின்சீற்றில் சாப்பாட்டுப் பெட்டி, முன்னால் பைலாப் பாட்டு. அனுராதபுரம், தம்புள்ளை, சீகிரியா, கண்டி, பேராதனைப் பூங்கா எல்லாம் மூன்று நாளில். போர்க்காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சீகிரியாவை மங்கலான அச்சுப் படத்திலேயே படித்துப் பரீட்சை எழுதினார்கள் என்பதால், இந்த ஓட்டமான பயணத்தையும் நான் குறை சொல்லத் தயங்குவேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மாமல்லபுரத்துக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன். விசில், வரிசை, தலைகளை எண்ணுதல், சங்குமாலைக் கடை, பஸ். அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் ஒரு குழுப் படம்.

சீகிரியாவில் சுவரோவியங்களைப் படம் பிடிக்க விடமாட்டார்கள். 1967இல் யாரோ சாயம் ஊற்றிக் கெடுத்த சரித்திரமும் அதற்கு இருக்கிறது. என் வகுப்புக்கு இந்தத் தடை பெரிய உதவி. சுருள் படி ஏறி, அந்தக் குகை மாடத்தில் வரிசை நகரும் வரை பார்த்துவிட்டு, கீழே இறங்கிய பிறகு மரநிழலில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். போன் உதவாது. மேலே போகுமுன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுவேன்: கைகளைப் பாருங்கள். பூப் பிடித்த விரல்கள் அங்கே முகத்தை விடப் பேசும். ஒருத்திக்கு மூன்றாவது கை ஒன்றும் தெரியும். ஓவியர் முதலில் போட்ட கையை மாற்றி வேறு இடத்தில் வரைந்திருக்கிறார். மேல்நிறம் மங்கியதும் பழைய கை எட்டிப் பார்க்கிறது.

ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி அந்த மூன்று கையையும் ஞாபகம் வைத்து வரைந்துவிட்டு, அழிறப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "சேர், இந்தக் கையை அழிச்சுவிடட்டோ? புள்ளி குறையுமெல்லோ?"

"அவர் அழிக்கேல்லையே பிள்ளை. நீ ஏன் அழிக்கிறாய்?"

"அவருக்கு ஓ-எல் இல்லைத்தானே சேர்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, சிரித்துவிட்டேன். அவள் அழிக்கவுமில்லை.

புதுக்கோட்டை நண்பர் மாமல்லபுரத்தில் செய்வது இன்னும் எளிது. அந்தப் பாறையில் நூற்றுக்கு மேல் உருவங்கள். பிள்ளைக்கு ஓர் உருவம், அதற்கு மேல் கிடையாது. பெரிய யானையை எல்லோரும் கேட்பார்கள்; அவர் யானையின் காலடியில் இருக்கும் குட்டிகளைக் கொடுப்பார். தவமிருக்கும் பூனைக்கு அடிபிடி. ஒரு பையன் பூனையின் தூக்கிய கைகளையும் உள்ளே போன வயிற்றையும் சரியாகப் பிடித்திருந்தான். காலடியில் இருந்த எலிகளை மட்டும் பாறையில் இருப்பதை விடப் பெரிதாக வரைந்துவிட்டான். பூனை பக்கத்தில் வந்தால் எலிக்கு அப்படித்தான் தோன்றும் என்று நண்பர் அவனுக்கு ஆதரவாகப் பேசினார். அவரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அவருடைய யானை அன்றைக்குச் சரியாக வரவில்லை, பிள்ளைகள் அதை அவரிடமே சொன்னார்கள். அனுராதபுரம் இசுருமுனியாவில் குளத்தங்கரைப் பாறையில் செதுக்கிய யானைகள் இருக்கின்றன, பல்லவர் கையோடு அவற்றை ஒப்பிட்டுப் பேசுவார்கள். அந்த யானைகளை வரைந்த என் பிள்ளைகளின் கொப்பியை நான் அவருக்குக் காட்டினேன். ஒப்பீட்டுக் கலை வரலாறு என்று பெரிய பெயரில் நடக்க வேண்டிய வேலை, இரண்டு கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் முடிந்துவிட்டது.

சித்தன்னவாசல் குடைவரை மண்டபத்தின் விதானத்தில் வரைந்த தாமரைக் குளம் வேறு பாடம். மீன், யானை, எருது, வாத்து, தாமரை பறிக்கும் ஆட்கள். 9ஆம் நூற்றாண்டில் இந்த மண்டபத்தைப் புதுக்கியவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. தன் பள்ளியிலிருந்து இவ்வளவு அருகில் இருந்தும் பிள்ளைகளை இங்கே கூட்டி வர நண்பர் பட்ட பாடு பெரிது. தேர்வில் வராத இடத்துக்குப் பஸ்ஸுக்கு யார் காசு தருவார்கள்? எனக்கு அந்தச் சிரமம் இல்லை, பாடத்திட்டமே என்னை சீகிரியாவுக்கு அனுப்புகிறது. இதில் இலங்கை முறைதான் மேல் என்பேன், தயக்கமில்லாமல்.

2022-23 கல்வியாண்டிலிருந்து தமிழக அரசு நடத்தும் கலைத் திருவிழா வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்று நண்பர் சொல்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாநில மேடை வரை போகிறார்கள். தலைமை ஆசிரியர் இப்போது ஓவிய ஆசிரியரைத் தேடி வருகிறார். போட்டிக்கு முந்திய வாரம் மட்டும்.

வரைந்து முடித்த படங்கள் பிறகு எங்கே போகின்றன என்பதில் இரண்டு நாடுகளும் ஒன்றுதான். கணிப்பீடு முடிந்ததும் எங்கள் பாடசாலை அலுமாரிகளில் கறையான் தின்னும். அங்கே போட்டிக்குப் போன படம் திரும்பி வருவதே இல்லை. நான் அறிந்த விலக்கு சாந்திநிகேதன் நந்தன் மேளா. நந்தலாலின் பிறந்தநாளுக்கு முன்னாக, டிசம்பர் 1, 2 இரண்டு நாளும் கலா பவன் மாணவரும் ஆசிரியரும் செய்த வேலைகளைக் கடை போட்டு விற்கிறார்கள். வரும் காசு மாணவர் நலனுக்குப் போகிறது. ஆசிரியரின் படமும் மாணவரின் படமும் ஒரே மேசையில் கிடக்கும்.

அதைப் பார்த்த உற்சாகத்தில் எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் பிள்ளைகளின் படங்களுக்கு விலை போடலாமா என்று அதிபரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், சட்டம் பார்ப்பவர். காசு வாங்கினால் பற்றுச்சீட்டு எந்தக் கணக்கில் எழுதுவது என்று மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. கண்காட்சி விலையில்லாமல் நடந்து முடிந்தது. சாமான்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது, பழைய மாணவர் ஒருவர் மூன்று கைப் பெண்ணின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதை வரைந்த பிள்ளை என்னைக் கேட்கவில்லை, அதிபரையும் கேட்கவில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கையில் கொடுத்து 500 ரூபா வாங்கினாள். மறுநாள் வகுப்புக்குப் புதிதாக ஓர் அட்லஸ் பஸ்ரல் பெட்டியோடு வந்தவள், மிச்சப் படங்களுக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் விலை எழுதத் தொடங்கினாள். யானை 700.